வேகத்திற்கு எண் வந்த வரலாறு: கொலன்னாவை வீதியிலிருந்து ஒரு நோக்கு

கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையில், தெமட்டகொடையைத் தாண்டியதும் தொடங்கும் கொலன்னாவை, வரலாற்று நூல்களிற் பெரிதும் பேசப்படும் ஓர் ஊரன்று. அரசிருக்கையாய் விளங்கிய கோட்டை அதற்கு அணித்தாகவே உள்ளது; வணிகத்தால் வளர்ந்த துறைமுகமும் தொலைவில் இல்லை. எனினும் அவ்விரண்டின் புகழும் கொலன்னாவைக்குக் கிட்டியதில்லை. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் இலங்கை எவ்வாறு இயங்கிற்று என்று வினவுவோர் இவ்வூரைப் புறக்கணித்தல் இயலாது. நாட்டின் எரிபொருட் களஞ்சியங்களுள் முதன்மையானது இங்குள்ளது. பெற்றோலும் டீசலும் இங்கிருந்தே பவுசர்களிலும் புகையிரதத் தாங்கிகளிலும் பல திசைகளுக்கும் செல்கின்றன. 1950இல் இலக்சபானை நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் நிறைவெய்தியபோது, மலைநாட்டு மின்சாரம் கம்பிவழி வந்திறங்கிய இடமும் கொலன்னாவையே. இவற்றோடு, அரசாங்கத் தொழிற்சாலை என்னும் பெயரில் இரும்பும் உருக்கும் வேலைப்படும் நிறுவனமொன்றும் இங்கு அமைந்துள்ளது. எண்ணெய், மின்சாரம், இரும்பு ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிய ஊரில், அம்மூன்றையும் ஒன்றாய்க் கொண்ட மோட்டார் வண்டியைத் திருத்தும் சிறு கராஜ்கள் தெருவுக்குத் தெரு பெருகியமை வியப்புக்குரியதன்று.

அத்தகைய கராஜ்களில் அண்மைக் காலத்திற் காணக்கூடிய வேலைகளுள் ஒன்று, முள் சுழலும் பழைய வேகமானியைக் கழற்றிவிட்டு, இலக்கங்களை ஒளியாற் காட்டும் டிஜிற்றல் மீற்றரைப் பொருத்துவதாகும். மீற்றரைப் பலகையிற் பதிப்பது எளிது. அதற்கு வேகச் செய்தியைக் கொண்டுவரும் உணரியை, அதாவது சென்சரை, வயர் கொண்டு இணைப்பதே கடினம். ஓரிரு மணி நேரத்தில் முடியும் இவ்வேலையை வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் வேகம் என்னும் அனுபவத்தை மனிதன் எண்ணாக மாற்றிய நெடுங்கதையின் இறுதி முடிச்சு அந்த வயர் இணைப்பிலேதான் உள்ளது. அந்த எண் எங்கிருந்து வந்தது, அதன் உண்மைக்கு யார் பொறுப்பாளர் என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேரும் தீர்ப்பும்

பண்டைத் தமிழர் வேகத்தை அறியாதவரல்லர். வினைமுற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனை நோக்கி விரைந்து செலுத்துமாறு கூறுவது முல்லைத் திணைப் பாடல்களின் நிலைத்த மரபு. அகநானூற்றின் 4ஆம் பாடலிற் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூக்களில் இருக்கும் வண்டுகள் அஞ்சுமெனத் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். விரைவும் அருளும் அங்கே ஒருங்கு பேசப்படுகின்றன. ஆனால் தேரின் வேகம் எத்தனை என்று எவரும் கூறுவதில்லை. காற்று, பறவை, மேகம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே வேகம் உணர்த்தப்பட்டது. அது உவமையின் ஆட்சிக்கு உட்பட்டதொரு பொருளாக இருந்ததேயன்றி எண்ணின் ஆட்சிக்கு உட்பட்டதாக இருக்கவில்லை.

இதனை ஈழ வரலாற்றின் நிகழ்ச்சியொன்று மேலும் தெளிவாக்கும். அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆட்சிபுரிந்த எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறுங்கால், அவனது மைந்தன் தேரேறித் திஸ்ஸ வாவிக்குச் சென்றபோது வழியிற் படுத்திருந்த கன்றொன்று சில்லில் அகப்பட்டு இறந்ததென்றும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததென்றும், மன்னன் அதே சில்லினால் மகனுக்குத் தண்டனை விதித்தானென்றும் உரைக்கின்றது. பிறிதொருகால் மன்னனின் தேர் நுகத்தடி தாதுகோபமொன்றில் மோதிப் பதினைந்து கற்கள் பெயர்ந்தனவெனவும், அதன்பொருட்டு அவன் 15,000 கஹாபணங்களைச் செலவிட்டானெனவும் அந்நூல் குறிப்பிடும். தமிழகத்து மனுநீதிச் சோழன் கதையை நினைவூட்டும் இவ்வரலாறு நீதியின் உயர்வுக்கே எடுத்துக்காட்டப்படுவது வழக்கம். இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. பெயர்ந்த கற்கள் எண்ணப்பட்டன. செலவிட்ட காசுகள் எண்ணப்பட்டன. தேரின் வேகம் மட்டும் எண்ணப்படவில்லை. அரசகுமாரன் விரைந்து சென்றானா, மெல்லச் சென்றானா என்னும் வினாவே அங்கு எழவில்லை. கேடு விளைந்தது; ஆகவே தண்டனை விளைந்தது. கேடு விளையுமுன்னரே, விரைவு ஒன்றையே குற்றமாகக் கொள்ளும் நீதி தோன்றுவதற்கு முதலில் வேகத்திற்கு எண் பிறக்க வேண்டியிருந்தது.

கல் விழுந்த ஓசை

வேகம் என்பது தூரத்தைக் காலத்தால் வகுத்துப் பெறுவது. ஆதலின் முதலில் தூரத்தை ஓட்டத்திலேயே எண்ணக் கற்றுக்கொள்ளல் அவசியமாயிற்று. கி.மு. முதலாம் நூற்றாண்டினரான உரோமானியக் கட்டடக் கலைஞர் விற்றுருவியசு, தமது நூலின் பத்தாம் பகுதியில் அத்தகைய வண்டியொன்றை விவரித்துள்ளார். அதன் சில்லு ஒருமுறை சுழலும்போது வண்டி பன்னிரண்டரை அடி நகரும். 400 சுழற்சிகள் நிறைந்ததும், அதாவது 5,000 அடிகளைக் கொண்ட உரோமானிய மைலொன்று முடிந்ததும், பற்சக்கரங்கள் ஒரு சிறு கல்லை வெண்கலப் பாத்திரத்தில் விழச்செய்யும். பயணி அவ்வோசையைக் கேட்டு மைல்களை எண்ணிக்கொள்வான். சில்லின் சுழற்சியைத் தனித்தனி அடையாளங்களாகப் பிரித்து எண்ணுதல் என்னும் அடிப்படைக் கருத்து இங்கே முழுமையாக உள்ளது. இன்றைய உணரி அனுப்பும் மின்துடிப்பு, அந்தக் கல்லின் வழித்தோன்றலேயாகும்.

காலத்தையும் சேர்த்து அளந்தவர்கள் கடலோடிகள். ஆங்கிலேயரான வில்லியம் போர்ண் 1574இல் வெளியிட்ட கடற்பயண நூலில், மரத்துண்டொன்றைக் கயிற்றிற் கட்டிக் கடலில் இட்டு, குறித்த நேரத்தில் எவ்வளவு கயிறு ஓடிற்று என்று பார்க்கும் முறை விளக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் ஏறக்குறைய 47 அடி இடைவெளியில் முடிச்சுகள் இடப்பட்டு, 28 விநாடி மணற்கடிகையொன்றால் நேரம் கணிக்கப்பட்டது. கப்பலின் வேகம் இன்றும் 'முடிச்சு' என்னும் அலகாற் சுட்டப்படுவதன் காரணம் இதுவே. கொழும்புத் துறைமுகத்திற்கு வந்த பாய்க்கப்பல்கள் தம் வேகத்தை எண்ணாற் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அத்துறைமுகத்திலிருந்து புறப்பட்ட மாட்டுவண்டிகளுக்கு அத்தகைய எண் எதுவும் தேவைப்படவில்லை.

தரையில் அத்தேவையை உண்டாக்கியது புகையிரதம். இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிற்று. நேர அட்டவணை என்பது வேகத்தைப் பற்றிய வாக்குறுதியேயாதலின், பாதையோரத்து மைற்கற்களும் கையிலிருந்த கடிகாரமும் சேர்ந்து வேகத்தைக் கூறின. தூரத்திற்கு அடையாளமாய் நடப்பட்ட கட்டை, தமிழர் வழக்கில் தூரத்தின் பெயராகவே மாறிற்று. 'ஐந்து கட்டை தூரம்' என்று நம்மவர் இன்றும் கூறுவதில், மைலைக் கட்டையாற் கண்ட அக்காலத்தின் சுவடு படிந்துள்ளது.

சட்டம் முந்தியது, கருவி பிந்தியது

வேக அளவையின் வரலாற்றிற் பெரிய முரண்பாடு, சட்டம் கருவிக்கு முன்பே தோன்றிவிட்டமையாகும். பிரித்தானியாவில் 1865ஆம் ஆண்டுச் சட்டம், தெருவிற் செல்லும் இயந்திர வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் 2 மைல் என எல்லை வகுத்து, செங்கொடி ஏந்திய ஒருவர் முன்னே நடந்து செல்லவேண்டுமெனவும் விதித்தது. அச்சட்டத்தின் வேகமானி உண்மையில் அம்மனிதரின் கால்களே எனலாம். 1896இல் அவ்வெல்லை 14 மைலாகவும், 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் 20 மைலாகவும் உயர்த்தப்பட்டது. இவ்வெண்களைச் சாரதி எவ்வாறு அறிவார் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை. பொலிசார் அளந்த தூரத்தின் இரு முனைகளிலும் கடிகாரத்தோடு நின்று நேரங்கணித்துக் குற்றஞ்சாட்டினர். அப்பொறிகளிலிருந்து சாரதிகளைக் காப்பதற்கென்றே 1905இல் பிரித்தானிய மோட்டார்ச் சங்கமொன்று தோன்றிற்று. இலங்கை மோட்டார்ச் சங்கம் அதற்கு ஓராண்டு முன்னர், 1904இலேயே நிறுவப்பட்டிருந்தது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

ஆகவே வேகத்தின் எண் முதலிற் பொலிசாரின் கையில் இருந்தது. அதனைச் சாரதியின் கண்முன் கொண்டுவந்தது ஒரு பௌதிகத் தோற்றப்பாடு. 1824இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ, சுழலும் செப்புத் தட்டு தன்னைத் தொடாத காந்த ஊசியையும் கூடவே இழுத்துச் செல்வதைக் கண்டார். செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம்; ஆதலின் இது புதிராகவே இருந்தது. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த பரடே அப்புதிரை விடுவித்தார். காந்தப்புலத்திற்கும் உலோகத்திற்கும் இடையில் அசைவு இருப்பின், உலோகத்தினுள்ளே சுழிப்போட்டங்கள் என்னும் மின்னோட்டங்கள் பிறக்கும். அவையே இழுவிசையை உண்டாக்கும். அசைவு மிகுந்தால் இழுப்பும் மிகும்.

இக்கருத்தை வண்டிக்குப் பயன்படுத்தியவர் அக்காலத்தில் ஜேர்மனியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துப் பொறியியலாளர் ஒற்றோ ஷூல்ட்சே ஆவார். 1902 ஒக்டோபரில் அவர் பெற்ற ஆக்கவுரிமை, அடுத்த ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உலகின் பெரும்பாலான வண்டிகளின் வேகமானிக்கு அடிப்படையாயிற்று. கியர்ப் பெட்டியிலிருந்து புறப்படும் வளையக்கூடிய மீற்றர் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதனைச் சூழ்ந்துள்ள இலேசான அலுமினியக் கிண்ணம் சுழிப்போட்டத்தால் இழுபடும். மெல்லிய சுருள்வில்லொன்று அதனைத் தடுத்து நிறுத்தும். இழுப்பும் தடுப்பும் சமன்படும் இடத்தில் முள் நிற்கும். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தீண்டுவதில்லை. பிரித்தானியாவில் வேகமானி கட்டாயமாக்கப்பட்டது 1937இலேயே. முதல் வேக எல்லைக்கும் இதற்கும் இடையில் எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழிந்துவிட்டது. தான் அறிய இயலாத எண்ணொன்றை மீறியதற்காக மனிதன் தண்டிக்கப்பட்ட அந்த இடைக்காலம், சட்ட வரலாற்று மாணவரின் தனிக்கவனத்திற்கு உரியது.

மைலும் கிலோமீற்றரும்

இலங்கை வீதிகளில் நெடுங்காலம் ஓடியவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய ஆங்கிலேய வண்டிகளே. அவற்றின் வேகமானி முகத்தில், மைலொன்றுக்குக் கேபிள் எத்தனைமுறை சுழலவேண்டும் என்னும் இலக்கம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கியர்ப் பெட்டியின் அமைப்புக்கும் அவ்விலக்கத்திற்கும் பொருத்தம் இல்லையேல் முள் காட்டுவது பொய். இதனை அறிந்த பழைய திருத்துநர் வேறொரு வண்டியின் மீற்றரைக் கொண்டுவந்து பொருத்துமுன் அவ்விலக்கத்தையே முதலிற் பார்ப்பர். அமெரிக்க வழக்கில் அது மைலுக்கு 1,000 சுழற்சி என்றும், ஜப்பானிய நியமத்திற் கிலோமீற்றருக்கு 637 சுழற்சி என்றும் வகுக்கப்பட்டது. இவ்வெண்கள் இயற்கையின் நியதிகளல்ல; மனிதர் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கைகள். கொழும்பிலுள்ள வண்டியின் முள் உண்மை பேசுவது, வெகுதொலைவில் யாரோ செய்த உடன்படிக்கையொன்றைப் பிறிதொருவர் மதித்து நடப்பதாலேயாம்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் இலங்கையின் வீதி ஒழுங்குகளுக்கு அடித்தளமாயிற்று. 1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை இயங்கத் தொடங்கியபோது, வேகமும் நேரமும் அரச நிருவாகத்தின் விடயங்களாயின. 1970களில் நாடு மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியதும் புதியதோர் இடர்ப்பாடு தோன்றிற்று. வீதிப் பலகை கிலோமீற்றரிற் பேச, பழைய வண்டியின் முள் மைலிற் பேசிற்று. பலகையில் 50 என்றிருப்பதைக் கண்டு தன் முள்ளை 50இல் நிறுத்திய சாரதி, உண்மையில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் சென்றுகொண்டிருப்பார். இலக்கம் ஒன்றே, பொருள் வேறு. எண் தனித்து நின்று உண்மை கூறுவதில்லை, அலகோடு சேர்ந்தே கூறும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதன் பின்னர் ஜப்பானிய வண்டிகள், பெரும்பாலும் அங்கு பாவிக்கப்பட்டவை, பெருமளவில் வந்திறங்கின. முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் இந்தியாவிலிருந்து வந்தன. தமிழகத்துக் கோயம்புத்தூரில் 1970களில் தோன்றிய பிரிக்கால் நிறுவனம் இந்திய வாகன உற்பத்தியாளர்களுக்கு வேகமானிகளையும் ஏனைய காட்டிகளையும் செய்து வழங்குவதிற் பெயர்பெற்றது. இவ்வாறு ஆங்கிலேய, ஜப்பானிய, இந்திய மரபுகள் மூன்றும் கொலன்னாவைக் கராஜின் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. மருதானையின் பஞ்சிகாவத்தையிற் குவிந்துள்ள பழைய உதிரிப்பாகங்கள் அக்கலப்பை மேலும் பெருக்கின. ஒரு வண்டியின் கியர்ப் பெட்டி, இன்னொன்றின் மீற்றர், மூன்றாமதன் சில்லு என்னும் நிலை ஏற்பட்டபோது, உற்பத்திச்சாலைகள் வகுத்த உடன்படிக்கைகள் தெருவோரத்திற் குலைந்தன. அவற்றை மீண்டும் ஒப்பேற்றும் பொறுப்பு, மக்கள் மரியாதையோடு 'பாஸ்' என்றழைக்கும் திருத்துநரின் தோளில் விழுந்தது. ஒல்லாந்தர் காலத்துச் சொல்லின் எச்சமாகிய அப்பெயருக்குத் தலைவன் என்பதே மூலப்பொருள்.

துடிப்பின் காலம்

கேபிள் அறுந்துபோகும், நெய் வற்றினால் முள் நடுங்கும், ஆயினும் அதனைக் கையாற் தொட்டுப் பார்த்துப் பழுதறிய முடியும். வண்டியின் இயந்திரத்தை இலத்திரனியல் மூளை ஆளத் தொடங்கியபோது அதற்கும் வேகச் செய்தி வேண்டியதாயிற்று. கேபிளின் சுழற்சியை அது விளங்கிக்கொள்ளாது, துடிப்புகளையே எண்ணும். ஆகையாற் கேபிளின் இடத்தை உணரி பிடித்தது.

உணரிகளுள் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்று, காந்தத்தின்மேற் சுற்றப்பட்ட கம்பிச் சுருள். இரும்புப் பற்சக்கரத்தின் பல் அதனருகே கடக்குந்தோறும் அலைபோன்ற சிறு மின்னழுத்தம் பிறக்கும். இதற்கு இரு வயர்களே உண்டு. வெளியிலிருந்து மின்சாரம் வேண்டியதில்லை. வண்டி மெல்லச் செல்லும்போது அலை மிக நலிந்துவிடுவது இதன் குறை. மற்றையது, அமெரிக்க இளம் ஆய்வாளர் எட்வின் ஹோல் 1879இற் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டது. மின்னோட்டம் பாயும் தகட்டின் குறுக்கே காந்தப்புலம் செயற்படின், தகட்டின் பக்கங்களுக்கிடையே மின்னழுத்தம் தோன்றும். இவ்வகை உணரிக்கு மூன்று வயர்கள் உள. ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவரும். மற்றொன்று ஏர்த் ஆகும். மூன்றாவது துடிப்பைக் கொண்டுசெல்லும். துடிப்பு வயர் பல உணரிகளில் தானே மின்னழுத்தம் தருவதன்று; ஒரு தடையி மூலம் மேலே இழுத்துப் பிடித்துள்ள அழுத்தத்தை அவ்வப்போது ஏர்த்துக்கு இறக்கிவிடுவதே அதன் தொழில். அந்தத் தடையி மீற்றரின் உள்ளேயும் இல்லாது வெளியேயும் இடப்படாவிடின், உணரி பழுதற்றதாயிருந்தும் மீற்றர் பூச்சியத்தையே காட்டி நிற்கும்.

கேபிள் ஒருமுறை சுழல நான்கு துடிப்புகள் பிறப்பது ஜப்பானிய வண்டிகளிற் பரவலான அமைப்பு. 637ஐ நான்காற் பெருக்கினால் 2,548. ஆகவே கிலோமீற்றருக்கு 2,548 துடிப்புகள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி நிமிடத்திற்கு ஒரு கிலோமீற்றர் செல்வதால், விநாடிக்கு ஏறத்தாழ 42 துடிப்புகள் மீற்றரை அடையும். விற்றுருவியசின் வண்டியில் மைலுக்கு ஒரு கல் விழுந்தது; இங்கே ஒரு மீற்றர் தூரத்திற்குள் இரண்டரைக் கற்கள் விழுகின்றன.

புதிய மீற்றரைப் பொருத்துவோர் எதிர்நோக்கும் இடர்கள் இவ்வரலாற்றிலிருந்தே பிறக்கின்றன. முன்னையதோர் இடைக்கால அமைப்பில், சில ஜப்பானிய வண்டிகளின் கேபிள் முள் மீற்றரைச் சுழற்ற, அம்மீற்றரின் உள்ளே பொருத்திய சிறு காந்த ஆளியே இயந்திர மூளைக்குத் துடிப்பை வழங்கிற்று. அதாவது காட்டியும் உணரியும் ஓருடலாய் இருந்தன. அதனை அறியாது பழைய மீற்றரைக் கழற்றி எறிபவர், தெரியாமலே உணரியையும் எறிந்துவிடுகின்றார். வண்டி ஓடும், ஆனால் அது நிற்கின்றதா, செல்கின்றதா என்பதை இயந்திர மூளை அறியாது. எரிபொருள் கட்டுப்பாடும், தானியங்கிக் கியர் மாற்றமும் தடுமாறும். கியர்ப் பெட்டியில் கேபிள் இருந்த துளையிலேயே புதிய உணரியைத் திருகி, அதன் துடிப்பை மீற்றருக்கும் மூளைக்கும் பகிர்ந்தளிப்பதே அதற்குரிய பரிகாரம். ஏற்கெனவே உணரியுள்ள வண்டியாயின், துடிப்பு வயரை அறுத்துத் திசைதிருப்பாமல் அதிலிருந்து கிளைபிரித்தல் வேண்டும்.

தீப்பொறி வயர்களின் அருகே துடிப்பு வயரைக் கொண்டுசென்றால், பிளக்கின் பொறியும் துடிப்பாக எண்ணப்படும். நின்ற வண்டியும் ஓடுவதாக மீற்றர் கூறும். இருவயர் உணரியின் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்துவது இதனாலேயே. துருவேறிய இடத்தில் ஏர்த் எடுத்தால், முன்விளக்கை எரித்ததும் வேகம் மாறித் தோன்றும். புதிய தலைமுறை வண்டிகளிலோ நிலைமை வேறு. 1978இல் சந்தைக்கு வந்த சறுக்குத் தடுப்புப் பிரேக் ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் உணரியைத் தந்தது. 1986இல் பொஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய பொதுத் தொடர்பு வயர் முறை அச்செய்திகளைக் குறிமொழியாக மாற்றிற்று. அங்கே தனித்த வேக வயரொன்றைத் தேடுவது பயனற்றது. செய்மதியிலிருந்து வேகத்தைக் கணிக்கும் கருவிகள் வயரையே தவிர்க்கின்றன. ஆனாற் சுரங்கப் பாதையில் அவை வாயடைத்துப் போகின்றன.

எண்ணின் பொறுப்பு

இத்தனையும் முடிந்தபின் ஓர் எண்ணை மீற்றருக்குச் சொல்ல வேண்டியுள்ளது. கிலோமீற்றருக்கு எத்தனை துடிப்பு என்பதே அவ்வெண். இங்குதான் வரலாறு தன் முழுப் பாரத்தையும் இறக்குகின்றது. 2,548 துடிப்புகள் தரும் வண்டிக்கு, அதன் இரட்டிப்பாகிய 5,096 என்னும் எண்ணைப் பதிந்துவிட்டால், 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி 30 எனக் காட்டும். சாரதி நகர எல்லையாகிய 50ஐ மதிப்பதாக நம்பி 100இற் செல்வார். நெடுஞ்சாலையில் அது அதிவேகப் பாதைக்கு வகுத்த உச்ச எல்லை. கொலன்னாவையின் நெருங்கிய தெருவிலோ அது சாவோலை. வேகம் மட்டுமன்று, ஓடிய தூரமும் பாதியாகவே பதிவாகும். வண்டியை வாங்க வருபவர் அப்பாதியையே முழுமையென நம்பிப் பணம் கொடுப்பார். வாடகை மீற்றர் பொருத்திய முச்சக்கர வண்டியில் எண் மறுபக்கம் பிழைத்தால், பயணியின் கைக்காசு குறையும். பிழை அறியாமையால் நேர்ந்தாலும் வேண்டுமென்றே செய்யப்பட்டாலும் திரையில் ஒளிரும் இலக்கம் ஒரே தெளிவோடுதான் ஒளிரும். நடுங்கும் முள் தன் ஐயத்தைத் தானே வெளிக்காட்டிற்று. டிஜிற்றல் இலக்கத்திற்கு நடுக்கமில்லை. பொய்யையும் அது உறுதியோடு கூறவல்லது.

இத்தகைய வேலைகள் இந்நாட்டிற் பெருகியதற்குப் பொருளாதாரக் காரணங்களும் உள. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீளத் திறந்தது 2025 பெப்ரவரியிலேயே. ஐந்து ஆண்டுகளாகப் பழைய வண்டிகளையே புதுப்பித்து ஓட்டவேண்டிய நிலை. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோது, கொலன்னாவையிலிருந்து பவுசர் புறப்பட்டதா என்னும் செய்திக்காக நாடே காத்திருந்தது. அவ்வாண்டின் பங்கீட்டு முறை தொடங்கிய வேளையில் முச்சக்கர வண்டிக்கு வாரத்திற்கு 5 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே கிடைத்தன. ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது அன்று ஒரு குடும்பத்தின் உலைப்பானையோடு தொடர்புடைய கணக்காயிற்று. அக்கணக்குக்கு ஆதாரம் ஓடிய தூரத்தைக் கூறும் மீற்றர். அது பொய்த்தால் வாழ்க்கைக் கணக்கும் பொய்க்கும்.

பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதியொன்று, வேகமானி காட்டும் வேகம் உண்மை வேகத்திலும் குறைந்திருத்தலாகாது என்று விதிக்கின்றது. கூடியிருக்கலாம், அதுவும் உண்மை வேகத்தின் பத்திலொரு பங்கோடு 4 கிலோமீற்றரைச் சேர்த்த அளவுக்கு மேற்படலாகாது. ஐயம் நேருமிடத்து உயிரின் பக்கமே சாய்க என்னும் அறம் அந்தச் சூத்திரத்தினுள் உறைகின்றது. உற்பத்திச்சாலையில் இவ்விதியைக் காக்க ஆய்வுகூடங்கள் உள. தெருவோரக் கராஜில் அதனைக் காப்பவர் பாஸ் ஒருவரே.

அவர் அதனை எவ்வாறு காக்கின்றார் என்பது சுவையான விடயம். சிரத்தையுள்ள திருத்துநர், வயரை இணைத்து முடித்ததும் வண்டியை வீதிக்கு எடுத்துச் செல்வர். கிலோமீற்றர்க் கட்டையொன்றிலிருந்து அடுத்த கட்டை வரை, மீற்றரில் 60 நிலைத்து நிற்குமாறு ஓட்டிக் கடிகாரத்தைப் பார்ப்பர். அறுபது விநாடிகள் ஆயின், எண் உண்மை. எழுபது ஆயின், மீற்றர் மிகைபடக் கூறுகின்றது. ஐம்பது ஆயின் குறைபடக் கூறுகின்றது, அதுவே ஆபத்தானது. பின்னர்த் துடிப்பெண்ணைத் திருத்தி மீண்டும் ஓடிப் பார்ப்பர். கட்டையும் கடிகாரமும் கொண்டு வேகத்தை அறிந்த 1864ஆம் ஆண்டுப் புகையிரத காலத்து முறை இதுவன்றி வேறில்லை. நூற்றாண்டு கடந்து வந்த இலத்திரனியற் கருவியின் வாய்மைக்கு, அந்தப் பழைய கட்டையே இன்றும் சாட்சி.

முடிவாக நோக்குமிடத்து, வேக அளவையின் வரலாறு நுண்மையை நோக்கிய நேரான முன்னேற்றமாக மட்டும் தோன்றவில்லை. உவமையாய் இருந்த வேகம் எண்ணாயிற்று. அவ்வெண் பொலிசாரின் கடிகாரத்திலிருந்து சாரதியின் முள்ளுக்கும், முள்ளிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத துடிப்புக்கும் பெயர்ந்தது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் எண் தெளிவு பெற்றது. அதேவேளை அது எவ்வாறு உண்டாயிற்று என்பது பார்ப்பவரின் அறிவிலிருந்து மேலும் விலகிற்று. விலகிய அளவுக்கு, இடையில் நின்று அதனை இணைத்துத் தருபவரின் நாணயமே சமூகத்தின் காப்பாயிற்று. எல்லாளன் கட்டிய மணி, கேடு நிகழ்ந்தபின் ஒலித்தது. வேகமானி, கேடு நிகழுமுன் மௌனமாக ஒலிக்க வேண்டிய மணி. அதன் நா கட்டப்படாதிருப்பதை உறுதிசெய்பவர், எண்ணெய் படிந்த கையோடு வயரொன்றை ஒட்டிக்கொண்டிருக்கும் பெயரறியாத் தொழிலாளி. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஷூல்ட்சேயோடு நின்றுவிடாது, கொலன்னாவையின் அத்தொழிலாளிக்கும் அதில் ஒரு பக்கத்தை ஒதுக்குவது நீதியாகும்.